மாற்றும் முன் மீளும் வழி

கீழ்வேளூர் போன்ற கடைமடை ஊர்களில், படித்தவர் படியாதவர் என்ற வேறுபாடின்றி அனைவர் நாவிலும் ஏறிவிட்ட ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு: 'சர்வர்'. நியாயவிலைக் கடையில் விரல் ரேகையை இயந்திரம் ஏற்கவில்லையா, சர்வர் இல்லை. இ-சேவை மையத்தில் வருமானச் சான்று வரவில்லையா, சர்வர் மெதுவாக இருக்கிறது. நெல் கொள்முதல் நிலையத்தில் பதிவு நடக்கவில்லையா, சர்வர் வந்ததும் வாருங்கள். மழை, வெயில் போல அதுவும் ஓர் இயற்கை நிகழ்வு என்றே நம் மக்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அது இயற்கை நிகழ்வன்று. எங்கோ ஒரு கட்டடத்தின் குளிரூட்டப்பட்ட அறையில், இரும்பு அடுக்குகளில் செருகி வைக்கப்பட்டிருக்கும் கணினிதான் சர்வர். அது நின்றுபோகக் காரணங்கள் பல: மின்தடை, வட்டுப் பழுது, அறுந்துபோன கம்பி, அளவுக்கு மீறிய கூட்டம். ஆனால், அண்மைக் காலத்தில் உலகை உலுக்கிய பெரிய முடக்கங்கள் சிலவற்றின் விசாரணை அறிக்கைகளைப் படித்தால் வேறொரு காரணம் முன்னே வந்து நிற்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினியில், அதைப் பராமரிப்பவர்களே நல்லெண்ணத்துடன் செய்த ஒரு மாற்றம்தான் அது.

நான் கணினிப் பொறியாளன் அல்லன். பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். என்னிடம் பயின்று, பின்னர் தடம் மாறிச் சர்வர் பராமரிப்புப் பணியில் சேர்ந்த மாணவர் ஒருவர், சென்னையிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் தம் பணியைப் பற்றிப் பேசுவார். 'மாற்றத்தைச் செய்வது சின்ன வேலை சார். அது தவறிப்போனால் எப்படித் திரும்புவது என்று முன்னாலேயே ஏற்பாடு செய்வதுதான் பெரிய வேலை' என்பார். அவர் விளக்கியதையும், அதன் பிறகு நான் தேடிப் படித்ததையும் இங்கே பகிர்ந்துகொள்வதற்குக் காரணம் இருக்கிறது. இது பொறியாளர்களின் அறைக்குள் மட்டும் அடங்கிவிடுகிற செய்தியாக இன்று இல்லை.

கணினியின் உள்ளே மிக ஆழத்தில் இயங்கும் நிரலுக்குக் 'கெர்னல்' என்று பெயர். ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல்தான் இன்று உலகின் பெரும்பாலான சர்வர்களிலும், ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அனைத்திலும் இயங்குகிறது. எந்தச் செயலிக்கு எவ்வளவு நினைவகம், யாருக்கு எவ்வளவு நேரம், வட்டில் எதை எங்கே எழுதுவது, பிணைய அட்டை வழியாக எதை அனுப்புவது என அனைத்தையும் பங்கிட்டுக் கொடுப்பது அதுவே. மதகைத் திறந்து மூடி, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று முறை வைத்து விடும் லஸ்கரின் இடம் அதற்கு. மற்ற செயலிகள் பழுதானால் அந்தச் செயலி மட்டும் சாகும். கெர்னல் பழுதானால் இயந்திரமே சாகும்.

அப்படியானால் அதைத் தொடாமலேயே விட்டுவிடலாமே என்று தோன்றும். முடியாது. 'டர்ட்டி கவ்' என்று பெயர் பெற்ற பாதுகாப்பு ஓட்டை லினக்ஸ் கெர்னலில் 2007 முதல் இருந்தது. 2016 அக்டோபரில்தான் அடைக்கப்பட்டது. சாதாரணப் பயனாளராக உள்ளே நுழைந்த ஒருவர், இயந்திரத்தின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற அது வழிவிட்டது. ஓட்டை வெளியே தெரிந்த பிறகும் பழைய கெர்னலையே வைத்திருப்பது, சாவி தொலைந்த செய்தி ஊருக்கெல்லாம் தெரிந்த பின்னும் பூட்டை மாற்றாமல் இருப்பதற்குச் சமம். ஆகவே மாற்றித்தான் ஆகவேண்டும். எப்படி மாற்றுவது என்பதே வினா.

கணினி மேசைமேல் இருந்தால் சிக்கல் இல்லை. நின்றுபோனால் பொத்தானை அழுத்தலாம், திரையைப் பார்க்கலாம். தொலைவில் இருக்கும் சர்வரில் நிலைமை வேறு. பொறியாளர் அதற்குள் நுழைவதே அந்தக் கெர்னல் இயக்கும் பிணைய அட்டையின் வழியாகத்தான். எதை மாற்றுகிறாரோ, அதன் மேலேயே நின்றுகொண்டு மாற்றுகிறார். வாய்க்காலின் நடுவே மூங்கில் பாலத்தின்மேல் நின்றபடி அதே பாலத்தின் கழிகளை ஒவ்வொன்றாக உருவி மாற்றுவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

இந்த ஆபத்தின் எல்லையை விண்வெளியில் காணலாம். 1976 ஜூலை 20 அன்று செவ்வாயில் இறங்கிய அமெரிக்காவின் வைக்கிங்-1 கலம் ஆறு ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியது. 1982 நவம்பரில் அதன் மின்கலத்தைச் சரிவர மின்னேற்றம் செய்ய வைக்கும் நோக்கில் புவியிலிருந்து புதிய நிரல் அனுப்பப்பட்டது. அந்த ஆணை, ஆன்டெனாவைப் புவியை நோக்கித் திருப்பும் தரவு இருந்த இடத்தின்மேல் தவறுதலாக எழுதிவிட்டது. கலம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தவறைத் திருத்தும் ஆணையை அனுப்பினாலும் கேட்பதற்குச் செவி இல்லை. அத்துடன் கதை முடிந்தது. சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் சர்வருக்கு ஆள் அனுப்பலாம், அவ்வளவுதான் வேறுபாடு. ஆள் போய்ச் சேரும்வரை அதுவும் செவ்வாயில் இருப்பதுபோலத்தான்.

புதிய கெர்னல் பல விதங்களில் காலை வாரலாம். ஏதேனும் ஓர் இயக்கி நிரல் விடுபட்டுப்போய், தன் வட்டையே அடையாளம் காண முடியாமல், எழும்போதே விழுந்துவிடலாம். இதற்குக் 'கெர்னல் பேனிக்' என்று பெயர். லினக்ஸின் வழக்கமான அமைப்பில், இப்படி விழுந்த இயந்திரம் யாரேனும் வந்து மறுதொடக்கம் செய்யும்வரை அப்படியே கிடக்கும். அல்லது, எழுந்துவிடும், பிணைய அட்டை மட்டும் உயிர் பெறாது. இயந்திரம் நலமாகத்தான் இருக்கும், ஆனால் அதனுடன் யாரும் பேச முடியாது. இவற்றைவிடப் பொல்லாதது, எல்லாம் சரியாக இருப்பதுபோல் நான்கு நாள் ஓடி, ஐந்தாம் நாள் நினைவகம் தீர்ந்து மூச்சு முட்டுவது.

முதல் தற்காப்பு, அசல் இயந்திரத்தைத் தொடும் முன் நகலில் சோதிப்பது. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாலேயே உருவாக்கலாம். இதனை மெய்நிகர் கணினி என்கிறோம். புதிய கெர்னலை முதலில் அதில் ஓடவிட்டால் பாதிப் பிழைகள் அங்கேயே தெரிந்துவிடும். மீதி தெரியாது. அசல் இயந்திரத்தின் பிணைய அட்டையும் வட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியும் நகலில் இல்லையே! ஆகவே ஒரு கட்டத்தில் அசலில் கை வைத்தே ஆகவேண்டும். அந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்துப்போன ஏற்பாடு வருகிறது.

2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது நினைவிருக்கும். அவற்றில் பலவற்றில் விண்டோஸும், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பொத்தானை அழுத்தியதும் இரண்டில் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். சில நொடிகள் எதையும் தொடாவிட்டால், ஏற்கெனவே குறித்து வைத்ததை அதுவாகவே தொடங்கிவிடும். சர்வரிலும் அதே பட்டியல் உண்டு. 'கிரப்' போன்ற துவக்க நிரல்கள் பழைய கெர்னலையும் புதிய கெர்னலையும் அருகருகே வைத்திருக்கின்றன. அந்த நிரலிடம் ஒரு நுட்பமான ஆணையை இடலாம்: அடுத்த ஒரே ஒருமுறை மட்டும் புதியதைத் தொடங்கு, அதற்குப் பின் வழக்கம்போல் பழையது.

இதனுடன் இன்னும் இரண்டு ஆணைகளைச் சேர்த்தால் ஏற்பாடு முழுமை பெறும். 'பேனிக்' ஏற்பட்டு விழுந்தால் அப்படியே கிடக்காதே, 10 நொடி கழித்து நீயாகவே மறுதொடக்கம் செய் என்பது ஒன்று. எழுந்து 10 நிமிடத்துக்குள் நான் உள்ளே வந்து 'சரி' என்று சொல்லாவிட்டாலும் மறுதொடக்கம் செய் என்பது மற்றொன்று. இயந்திரம் முற்றாக உறைந்துபோய், இந்த ஆணையைக் கூட நிறைவேற்ற முடியாமல் போனால்? அதற்கும் தனியே ஒரு மின்சுற்று உண்டு, 'வாட்ச்டாக்' என்பார்கள். நல்ல நிலையில் இருக்கும் கணினி குறித்த இடைவெளியில் அதனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டுவது நின்றால், அது கணினியின் தலையில் தட்டி மறுதொடக்கம் செய்துவிடும்.

இதன் சாரத்தைக் கவனியுங்கள். பொறியாளர் எதுவும் செய்யாவிட்டால் மாற்றம் நிலைப்பதில்லை. பழைய நிலை திரும்புகிறது. மௌனம் சம்மதம் என்பது நம் வழக்கு. இங்கே மௌனம் மறுப்பு. இதே விதியை நம் அரசமைப்புச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. ஆளுநர் பிறப்பிக்கும் அவசரச் சட்டம், 213ஆவது பிரிவின்படி, சட்டப்பேரவை மீண்டும் கூடிய நாளிலிருந்து ஆறு வாரங்களில் தானாகவே காலாவதியாகிவிடும். அது வேண்டாம் என்று யாரும் கூற வேண்டியதில்லை. வேண்டும் என்றால்தான் பேரவை சட்டமியற்ற வேண்டும். அவசரத்தில் செய்த மாற்றத்தை நிலைநிறுத்தும் சுமை, மாற்றியவர் தோளில் இருக்கிறது. அரசமைப்பை வரைந்தவர்கள் கெர்னலைப் பற்றி அறியார். ஆயினும் சிந்தனை ஒன்றே.

பிணையக் கருவிகளை இயக்குவோரிடம் இவ்வழக்கம் வெகுகாலமாக உண்டு. ஜூனிப்பர் கருவிகளில், உறுதிசெய்தால் மட்டுமே நிலைக்கும் மாற்றம் என்றே ஓர் ஆணை இருக்கிறது. உறுதிசெய்யாவிட்டால் 10 நிமிடத்தில் பழைய அமைப்பு வந்துவிடும். சிஸ்கோ கருவிகளில், 10 நிமிடம் கழித்து மறுதொடக்கம் செய் என்று முதலில் ஆணையிட்டு வைத்துவிட்டு, மாற்றத்தைச் சேமிக்காமல் செய்து பார்த்து, எல்லாம் சரி என்றால் அந்த ஆணையை நீக்குவார்கள். நம் கைப்பேசிக்கும் இந்த அறிவு வந்துவிட்டது. 2016இல் வெளியான ஆண்ட்ராய்டு 7 முதல், இயங்குதளத்துக்கு இரண்டு அறைகள் வைக்கும் முறை புழக்கத்துக்கு வந்தது. புதியது ஓர் அறையில் நிறுவப்படும்போது பழையது மற்றோர் அறையில் அப்படியே இருக்கும். புதியது எழாவிட்டால் கைப்பேசி பழைய அறைக்குத் திரும்பிவிடும்.

இத்தனை ஏற்பாடும் ஏட்டில் இருந்தால் போதாது. என் மாணவர் கூறிய ஒரு நுணுக்கம் என்னை வியப்பில் ஆழ்த்தியது. 'ஒருமுறை மட்டும்' என்ற குறிப்பைப் பயன்படுத்தியபின் அதனை வட்டிலிருந்து அழிக்க வேண்டியது துவக்க நிரலின் பொறுப்பு. ஆனால் பல வட்டுகளை ஒன்றாக இணைத்து அமைத்த சில சர்வர்களில், துவக்க நிரலால் வட்டைப் படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது. குறிப்பு அழியாது. விளைவு, 'ஒருமுறை' என்பது ஒவ்வொரு முறையும் ஆகிவிடும். இயந்திரம் விழுவதும் எழுவதுமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அனுபவசாலிகள், புதிய கெர்னலைச் சோதிக்கும் முன் திரும்பும் வழியைச் சோதிக்கிறார்கள். நன்றாக ஓடும் என்று தெரிந்த கெர்னலையே 'ஒருமுறை' தொடங்கவைத்து, வேண்டுமென்றே அதனை விழச்செய்து பார்க்கிறார்கள். அதற்கென்றே லினக்ஸில் ஒரு வசதி இருக்கிறது. விழுந்த இயந்திரம் தானே எழுந்து பழைய கெர்னலுடன் பதில் சொன்னால்தான் மேற்கொண்டு செல்வார்கள்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சிறிய கோப்பை அனுப்பியது. அந்நிறுவனத்தின் மென்பொருள் கெர்னலுக்குள்ளேயே அமர்ந்து பணியாற்றுவது. புதிய கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. மென்பொருள் கொடுத்தது 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடி நினைவகத்தில் தனக்குரியதல்லாத இடத்தைத் தொட்டதும் கெர்னல் விழுந்தது. 78 நிமிடத்தில் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் விழுந்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. திருத்தம் தயாராக இருந்தும் பயனில்லை. விழுந்த கணினி மீண்டும் எழும்போது அதே கோப்பைப் படித்து மீண்டும் விழுந்தது. பெரும்பாலானவற்றின் அருகே ஒரு மனிதர் நேரில் போய் நின்று, பாதுகாப்பு நிலையில் தொடங்கி, கையால் அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டு விமான நிலையங்களில் அன்று கையால் எழுதிய பயணச் சீட்டுகளைக் கொடுத்தார்கள். அதன் படங்கள் உலகெங்கும் பரவின; பலர் நகைத்தார்கள். எனக்கு நகைப்பு வரவில்லை. பேனாவும் காகிதமும் அன்று செய்தது, பழைய கெர்னல் செய்ய வேண்டிய வேலையைத்தான். அந்நிறுவனத்தின் தவறு பிழையான கோப்பை எழுதியது மட்டும் என்று நான் கருதவில்லை. பிழை யாருக்கும் நேரும். ஒரே நொடியில் எல்லோருக்கும் அனுப்பியதும், விழுந்தால் முந்தைய கோப்புக்குத் திரும்பு என்ற ஏற்பாடு இல்லாததுமே ஒரு பிழையைப் பேரிடராக்கின. இனி கட்டங்கட்டமாகவே அனுப்புவோம் என்று பின்னர் அந்நிறுவனமே அறிவித்தது.

வேறொரு பாடத்தைத் தந்தது ஃபேஸ்புக். 2021 அக்டோபர் 4 அன்று, பராமரிப்பின்போது இடப்பட்ட ஓர் ஆணை, அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு இணைப்பு முழுவதையும் துண்டித்தது. அத்தகைய ஆணையைத் தடுக்க வேண்டிய தணிக்கை நிரலில் பிழை இருந்தது. திருத்துவதற்கு உள்ளே நுழையலாம் என்றால், அவசர வழியும் உள்கருவிகளும் அதே பிணையத்தை நம்பியே இருந்தன. பொறியாளர்களை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. நுழைவதற்கே கடினமாகக் கட்டப்பட்ட அந்த மையங்களுக்குள் அவர்கள் சென்று வேலையைத் தொடங்க நேரம் பிடித்தது. வாட்ஸ்ஆப் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கியது. நல்ல சர்வர்களில், முதன்மைக் கணினி செத்துக் கிடந்தாலும் விழித்திருக்கும் தனிச் சிறு கணினி ஒன்றும், அதற்கென்று தனி இணைப்பும் இருக்கும். அதன் வழியே திரையைப் பார்க்கலாம், மின்சாரத்தை நிறுத்திப் போடலாம். அந்தப் பின்வாசல் முன்வாசலுக்குள்ளேயே திறப்பதாக அமைந்துவிட்டால் அது வாசல் ஆகாது.

நம் தேசிய பங்குச் சந்தையின் மாற்று மையம் சென்னையில் இருக்கிறது. 2021 பிப்ரவரி 24 அன்று, தொலைத்தொடர்பு இணைப்புகளில் தொடங்கிய கோளாறால் மும்பையில் வணிகம் காலை 11.40 மணிக்கு நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கியது மாலை 3.45க்கு. இத்தகைய நாளுக்காகவே கட்டப்பட்ட சென்னை மையத்துக்கு அன்று வணிகம் மாற்றப்படவில்லை. இதன் பின்னரே, பேரிடர் என்று அறிவிப்பதற்கும் மாற்று மையத்துக்கு மாறுவதற்கும் நிமிடக் கணக்கில் கெடு விதித்தது செபி. 2024 மார்ச் 2, சனிக்கிழமை, விடுமுறை நாளில் தனி அமர்வு நடத்தி, பாதி நேரம் முதன்மை மையத்திலும் பாதி நேரம் மாற்று மையத்திலுமாக உண்மையான வணிகத்தையே நடத்திப் பார்த்தார்கள். ஒருபோதும் திறந்து பார்க்காத மதகு, வெள்ளம் வரும் நாளில் திறக்கும் என்று நம்பக் கூடாது என்பதை டெல்டாக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

படிப்படியாக மாற்றுவது பற்றியும் நம் உழவர் அறிவார். ஆடுதுறையில் 1922 முதல் இயங்கிவரும் நெல் ஆராய்ச்சி நிலையம் ஒரு புதிய ரகத்தை நேராக ஊருக்குக் கொடுத்துவிடுவதில்லை. நிலையத்தின் வயலில், பிறகு பல இடங்களில், பிறகு உழவர்களின் நிலங்களில் என்று சோதித்த பின்னரே வெளியிடுகிறார்கள். வெளியிட்ட பிறகும் ஒரு வேலி நிலம் வைத்திருப்பவர், இருபது மாவிலும் அதை விதைப்பதில்லை. ஒரு மாவில் போட்டுப் பார்ப்பார். மீதியில் பழகிய பொன்மணிதான். கேடிலியப்பர் குடிகொண்ட ஊர்க்காரன் என்றாலும், கேடில்லாத விதையோ இயந்திரமோ உண்டு என்று நான் நம்புவதில்லை. கேடு ஒரு மாவோடு நிற்கிறதா என்பதே கேள்வி.

இங்கே பொருளாதாரம் தலையிடுகிறது. 1974இல் கென்னத் ஆரோவும் அந்தோனி ஃபிஷரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை, மீட்க முடியாத முடிவுகளை எடுக்கும்போது, மீளும் வாய்ப்பைத் திறந்து வைத்திருப்பதற்கே ஒரு மதிப்பு உண்டு என்று நிறுவியது. அவர்கள் பேசியது இயற்கை வளத்தை அழித்துச் செய்யும் வளர்ச்சித் திட்டங்களைப் பற்றி. சர்வருக்கும் அது பொருந்தும். இங்கு அந்த வாய்ப்பின் விலையோ மிகச் சொற்பம். பழைய கெர்னலைப் பக்கத்தில் வைத்திருக்கச் சில நூறு மெகாபைட் இடமும், திரும்பும் வழியைச் சோதிக்க ஒரு மாலைப் பொழுதும் போதும். இவ்வளவு மலிவான காப்பீட்டை ஏன் பலர் எடுப்பதில்லை? அந்த மாலைப் பொழுதைச் செலவிடுபவர் ஒருவர், செலவிடாததால் இழப்பவர் வேறொருவர் என்பதுதான் விடை.

சர்வர் ஒப்பந்தங்களில் 99.9 விழுக்காடு நேரம் இயங்க வேண்டும் என்று எழுதுவது வழக்கம். கேட்பதற்கு இனிமையாக இருக்கும். கணக்குப் போட்டால், ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் நின்றாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை என்று பொருள். இந்தச் சராசரி எல்லா நிமிடங்களையும் ஒரே விலையில் எடை போடுகிறது. ஜூன் மாத நள்ளிரவில் நிற்கும் எட்டு மணி நேரமும், அக்டோபர் காலையில் நிற்கும் எட்டு மணி நேரமும் ஒன்றாகா. அக்டோபரில் குறுவை நெல் கொள்முதல் நிலையத்தின் களத்தில் குவிந்து கிடக்கும். வானில் வடகிழக்குப் பருவமழையின் மேகம் திரளும். ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. பகல் முழுதும் பதிவு நின்று, மாலையில் மழை பெய்து, ஈரப்பதம் வரம்பைத் தாண்டினால், அந்த எட்டு மணி நேரத்தின் விலையைக் கொடுப்பவர் நெல் குவியலின்மேல் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருக்கும் சிறு விவசாயி. ஒப்பந்ததாரர் பங்கில் எந்த இழப்பும் பதிவாகாது.

ஆகவே பொதுச் சேவைகளுக்கான ஒப்பந்தங்களில் விழுக்காட்டுடன் வேறு சிலவும் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் திரும்பும் வழி என்ன என்பதைச் சொல்லவும், ஆண்டுக்கு இருமுறையாவது செய்து காட்டவும் வேண்டும். கொள்முதல் மும்முரமாக நடக்கும் அக்டோபரிலும், சம்பா அறுவடை நடக்கும் ஜனவரி, பிப்ரவரியிலும் பாதுகாப்புத் திருத்தங்கள் தவிர வேறு எந்த மாற்றமும் கூடாது. முடக்கம் நேர்ந்தால், என்ன மாற்றம், ஏன் திரும்பவில்லை என்ற அறிக்கையை வெளியிட வேண்டும். ஃபேஸ்புக்கும் கிரவுட்ஸ்ட்ரைக்கும் சில நாட்களுக்குள் அதைச் செய்தன. நம் பொது நிறுவனங்களுக்கு அது இழுக்கு ஆகாது.

மாற்றத்தை முதலில் எந்த வட்டத்தில் சோதிப்பது என்பதையும் வெளிப்படையாக முடிவு செய்ய வேண்டும். தன் நிலத்தில் ஒரு மாவை ஒதுக்கும் உழவர், லாபத்துக்கும் நட்டத்துக்கும் தாமே உடையவர். சர்வர் சோதனையில் முதல் மாவாக ஆக்கப்படும் ஊருக்கு அது தெரிவதுகூட இல்லை. சோதனை கீழ்வேளூர் வட்டத்தில் தொடங்கினால் எனக்கு மறுப்பில்லை. அதற்கு முன், பதிவு அரை மணிக்குமேல் நின்றால் நெல்லை எடைபோட்டுப் பேரேட்டில் எழுதி ஒப்புகைச் சீட்டு கொடுக்கவும், சர்வர் மீண்டபின் கணினியில் ஏற்றவும் பட்டியல் எழுத்தருக்கு எழுத்துபூர்வ அதிகாரம் தரப்பட வேண்டும். விமானப் பயணிக்குக் கையால் சீட்டு எழுதிக் கொடுக்க முடிந்தது. நெல் கொண்டுவந்தவருக்கும் அது முடியும்.